'மனிதன்' என்னும் குற்றவாளி: சூழல் விழிப்புணர்வுக் கலைநிகழ்வுகள் பற்றிய சில விமரிசனக் குறிப்புகள்

ஐக்கிய நாடுகள் சபை 1972 ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நகரிற் கூட்டிய மாநாட்டின் பேறாக யூன் 5 ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் பின்னர் கழிந்த அரை நூற்றாண்டில், அரசாங்கத் திணைக்களங்கள், பாடசாலைகள், அரசு சாரா நிறுவனங்கள், வர்த்தக நிறுவனங்கள் ஆகிய யாவும் மனமொத்து ஏற்றுக்கொள்ளும் அபூர்வமான பொருள்களுள் ஒன்றாகச் 'சூழல் விழிப்புணர்வு' நிலைபெற்றுவிட்டது. கலை நிகழ்வு அதன் பிரதான ஊடகங்களுள் ஒன்றாகியுள்ளது. வீதி நாடகம், சித்திரக் கண்காட்சி, நாட்டார் பாடல், கவியரங்கு, மரநடுகை என்பன சேர்ந்த ஒரு நாள் நிகழ்ச்சியை இன்று எமது பிரதேசங்களில் ஏறத்தாழ எவ்வூரிலும் காணலாம். எல்லோரும் உடன்படும் ஒரு பொருளைக் கலை பேசுமிடத்து விமரிசகன் சற்றே ஐயுறுதல் வேண்டும். ஆளுவோரும் ஆளப்படுவோரும் ஒருங்கே கைதட்டும் அரங்கில் யாரைப் பற்றிப் பேசப்படவில்லை என்ற வினா எழுவது இயல்பு.

இக்கட்டுரையாளர் வடக்கிலும் கிழக்கிலும் சென்று பார்த்த இத்தகைய நிகழ்வுகளிற் பெரும்பாலானவை ஒரே கதைப்பின்னலின் வேறுபாடுகளே. மரம் ஒன்று அழுகிறது. கோடரியுடன் விறகுவெட்டி வருகிறான். பச்சைச் சேலை உடுத்த பூமித்தாய் தன் புண்களைக் காட்டிப் புலம்புகிறாள். பொலித்தீன் அரக்கன் ஆடுகிறான். இறுதியில் ஒரு சிறுவனோ சிறுமியோ பெரியோருக்கு நல்லறிவு புகட்ட, அனைவரும் உறுதிமொழி எடுத்துக்கொள்கின்றனர். இவ்வளவும் பெரும்பாலும் பிளாஸ்ரிக் துணியில் அச்சிட்ட பதாகையின் கீழ் நிகழும் என்பதை எள்ளலுக்காக மட்டும் இங்கு குறிப்பிடவில்லை. அனுசரணையாளரின் இலச்சினை அப்பதாகையிலேயே உள்ளது. நடிக்கும் மாணவரின் உழைப்பும் ஆர்வமும் போற்றத்தக்கன. எமது அக்கறை அவர்களின் கையிற் கொடுக்கப்பட்ட கதை பற்றியதாகும்.

அக்கதையிற் குற்றவாளி 'மனிதன்'. மனிதன் காட்டை அழித்தான், மனிதன் ஆற்றை மாசுபடுத்தினான், மனிதனின் பேராசை பூமியைச் சுடுகிறது என்று பாட்டும் உரையும் சொல்லிக்கொண்டே போகின்றன. இந்த ஒருமைப் பெயர்ச்சொல் செய்யும் கருத்துநிலைப் பணி சாமானியமானதன்று. மின்நிலையத்தின் உரிமையாளனும் அதன் கழிவெண்ணெய் கலந்த கிணற்று நீரைக் குடித்தவனும் அதில் ஒருவராகிவிடுகின்றனர். குற்றம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதும் பொறுப்பு எவருக்கும் இல்லாதொழிகிறது. ஆயினும் மேடையில் ஒரு மனித உருவம் தேவைப்படுகிறது. அப்பொழுது தெரிவாவது எப்பொழுதும் விறகுவெட்டி, அல்லது பொலித்தீன் பையுடன் சந்தைக்குப் போய்வரும் பெண், அல்லது கடலிற் குப்பை எறியும் மீனவன். கார்ல் மார்க்ஸ் 1842 ஆம் ஆண்டில், தமது இருபத்து நான்காவது வயதில், விறகுத் திருட்டுச் சட்டம் பற்றி ரைன் மாகாணப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கன. உலர்ந்து விழுந்த சுள்ளிகளைப் பொறுக்குவது ஏழைகளின் வழக்குரிமையாக இருந்த நிலை மாறி, காட்டுடைமையாளரின் நலனுக்காக அது குற்றமாக்கப்பட்ட விதத்தை அவர் அவற்றில் ஆராய்ந்தார். பொருளியற் பிரச்சினைகளின்பால் தம்மை முதன்முதலாகத் திருப்பியவற்றுள் அவ்விவகாரமும் ஒன்று எனப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். எமது வீதி நாடகங்களின் விறகுவெட்டி அந்தச் சட்டசபையின் கண்களாற் பார்க்கப்பட்டவன் எனலாம்.

விழிப்புணர்வு என்ற சொல்லும் கவனத்திற்குரியது. விழிப்பூட்ட ஒருவர் வருகிறார் எனின் உறங்குவோர் சிலர் இருத்தல் வேண்டும். சுன்னாகத்தை அண்டிய கிராமங்களின் மக்கள் தங்கள் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதை அறிவதற்கு எந்த நாடகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 2014 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2015 இலும் அவர்கள் வீதியில் இறங்கினர், வழக்குத் தொடரப்பட்டது, 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் அங்கு மின்னுற்பத்தி செய்த தனியார் கம்பனி 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. 2021 மே மாதத்திற் கொழும்புக்கு அப்பாற் தீப்பற்றிப் பின்னர் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலிற் கொட்டுண்டன. மேற்குக் கரையின் மீனவர் தொழிலிழந்தனர். அக்கரையிற் சிதறிய மணிகளைப் பொறுக்கியெடுத்த கைகளுக்கு, கடலிற் பிளாஸ்ரிக் எறியக்கூடாது என்று போதிக்கும் நாடகம் எத்துணைப் பொருத்தமற்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்த வேண்டுமென விதித்தபோது, 'மனிதன்' என்ற பொதுப்பெயர் உரிமையாளர், இயக்குநர், முகவர் எனத் திட்டவட்டமான சட்டப் பெயர்களாகப் பிரிந்தது. சட்டத்தின் மொழிக்கு இயன்ற இந்த நுண்மை எமது அரங்கின் மொழிக்கு ஏன் இயலவில்லை?

இதற்கு விடையாகச் சிலர் பண்டைத் தமிழ்ப் பண்பாட்டின் பக்கம் திரும்புவர். ஐந்திணை வகுத்த எம் முன்னோர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர், அவ்வாழ்வை மீட்பதே வழி என்பது இந்நிகழ்வுகளின் தொடக்க உரைகளிற் தவறாது ஒலிக்கும் கருத்து. பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட திணைக் கோட்பாடு பற்றிய ஆய்வு இக்கற்பனைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே விடையளித்துள்ளது. திணைகளை அவர் சமச்சீரற்ற வளர்ச்சியின் வெளிப்பாடாகக் கண்டார். வேட்டையும் மேய்ச்சலும் மீன்பிடியும் வேளாண்மையும் ஒரே காலத்தில் வெவ்வேறு நிலப்பரப்புகளில் நிலவ, மருதத்தின் உபரியும் அதன்மேல் எழுந்த அதிகாரமும் ஏனைய நிலங்களை அடக்கி வளர்ந்தன. அதாவது, சங்க இலக்கியத்தின் இயற்கை ஏற்கனவே உற்பத்தி உறவுகளால் ஊடுருவப்பட்ட இயற்கையாகும். நெய்தலின் உமணர் உப்பு வண்டியோடு அலைந்ததை அழகாக மட்டும் பார்ப்பது இன்றைய உப்பளத் தொழிலாளியின் வெடித்த பாதங்களையும் அழகாகப் பார்ப்பதில் முடியும்.

இவ்வாறு கூறுவதாற் சூழல் பற்றிய கலைநிகழ்வு அனைத்தும் பயனற்றது என்பது எமது நிலைப்பாடாகாது. அண்டை நாட்டின் அனுபவங்கள் சில வேறு சாத்தியங்களைக் காட்டுகின்றன.

கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்திற் குந்திப்புழை ஓடும் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை ஒன்று கட்டும் திட்டம் 1970களில் முன்னெடுக்கப்பட்டது. அதனை எதிர்த்த இயக்கத்தில் இருவகைக் கலை தொழிற்பட்டது. ஒன்று, கவிஞர்களின் கலை. சுகதகுமாரி இயற்றிய 'மரத்தினு ஸ்துதி' எதிர்ப்புக் கூட்டங்களின் பாசுரம் போலாகியது. மற்றையது, கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் கலை. 1962 இல் விஞ்ஞான நூல்களை மலையாளத்தில் எழுதுவோரின் சங்கமாகத் தொடங்கி, 'சமூகப் புரட்சிக்கு விஞ்ஞானம்' என்ற முழக்கத்தை 1970களில் ஏற்றுக்கொண்ட அவ்வமைப்பு, 1979 இல் அணைத்திட்டத்தின் தொழில்நுட்ப, பொருளாதார, சமூக அரசியல் மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. அடுத்த ஆண்டிலேயே 'சாஸ்திர கலா ஜாதா' என்னும் கலைப்பயணம் புறப்பட்டது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் மாணவரும் கொண்ட குழு, துள்ளல், வில்லுப்பாட்டு, குறு நாடகம் ஆகிய வடிவங்களோடு சந்திதோறும் நின்று நிகழ்த்திச் சென்றது. நுழைவுச்சீட்டு இல்லை. செலவு பெருமளவுக்கு நூல் விற்பனையிலிருந்தே திரட்டப்பட்டது. அனுசரணையாளனைத் திருப்திப்படுத்த வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாத அரங்கு எப்படிப் பேசும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. நிதிமூலம் கலையின் உள்ளடக்கத்திற்கு வெளியே நிற்கும் விடயமன்று.

அமைதிப் பள்ளத்தாக்கு வரலாற்றில் எமக்கு மிகமுக்கியமானது வேறொன்று. அணையை ஆதரித்தோர் முதலாளிகள் மட்டுமல்லர். மின்சாரசபைத் தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளின் பெரும்பகுதியும் அணையின் பக்கமே நின்றன. மின்சாரப் பற்றாக்குறையால் நலிந்த மலபாரின் வளர்ச்சியை அவை முன்வைத்தன. பரிஷத் உறுப்பினருள் மார்க்ஸியர் பலர். தம் சொந்தக் கட்சியின் நிலைப்பாட்டுக்கு எதிராக அவர்கள் வாதிட வேண்டியிருந்தது. மின்சாரம் தேவையில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அதை வேறு வழியிற் பெறலாமென்று கணக்கோடு காட்டினர். 1983 இல் திட்டம் கைவிடப்பட்டு, 1984 இற் பள்ளத்தாக்குத் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியே முற்போக்கு என்று பொறிமுறையாக விளங்கிக்கொண்ட மார்க்ஸியத்துக்கு இது ஒரு பாடம். 'மூலதனம்' முதலாம் பாகத்திலேயே, முதலாளித்துவ வேளாண்மையின் முன்னேற்றம் தொழிலாளியைக் கொள்ளையிடுவதோடு மண்ணையும் கொள்ளையிடும் கலையின் முன்னேற்றம் என்ற கருத்து உள்ளது. அதை நாம் நெடுங்காலம் வாசித்தும் வாசியாதிருந்தோம்.

இதே கேரளத்தின் மாவூர் றேயோன் ஆலை இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டும். அற்ப விலைக்குக் காட்டு மூங்கிலைப் பெற்று, சாலியாற்றிற் கழிவைக் கலந்த அவ்வாலை 1980களில் மூடப்பட்டபோது பட்டினி கிடந்தவை தொழிலாளர் குடும்பங்கள். ஆற்றங்கரையாரும் ஆலைத் தொழிலாளரும் ஒருவரையொருவர் பகைவராகக் காணும்படி நேர்ந்தது. பூமித்தாய் புலம்பும் நாடகத்துள் இத்தொழிலாளியை எங்கே நிறுத்துவது?

அவரை நடுவில் நிறுத்திய படைப்பு ஒன்று, எதிர்பாராத வடிவத்தில், கொடைக்கானலிலிருந்து வந்தது. அங்கு இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை பாதரசக் கழிவு வெளிப்பட்டதைத் தொடர்ந்து 2001 இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் தமது உடல்நலக் கேட்டுக்கு நட்டஈடு கோரி ஆண்டுக்கணக்கிற் போராடினர். 2006 முதல் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தது. 2015 யூலை இறுதியில், ரதீந்திரன் பிரசாத் இயக்கத்தில், சோபியா அஷ்ரப் என்ற இளம் பாடகி அமெரிக்கச் சந்தைப் பாடல் ஒன்றின் மெட்டில் ஆங்கிலத்தில் எழுதிப் பாடிய ஒளிப்பதிவு வெளியாகிப் பல இலட்சம் பேரைச் சென்றடைந்தது. 2016 மார்ச்சில் யூனிலீவரின் இந்தியக் கம்பனி 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. பாட்டு வென்றது என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வாறு கூறுவது பாதி உண்மையாகும். பதினைந்து ஆண்டு உழைத்த தொழிலாளர் அமைப்பு ஒன்று இருந்திராவிடின் அப்பாடல் ஒரு வாரக் கேளிக்கையாக முடிந்திருக்கும். அதேவேளை, மண்ணின் மரபுவடிவமே மக்கள் கலைக்கு உரியது என்று வற்புறுத்தும் எம்மவரை அது சங்கடப்படுத்துதல் வேண்டும். இரவல் மெட்டும் அந்நிய மொழியும் கொண்ட பாடல் அது. ஆயினும் குற்றவாளியைப் பெயர் சொல்லி விளித்தது. பாதிக்கப்பட்டோரைத் தொழிலாளர் என்று அழைத்தது. எமது கரகமும் காவடியும் ஒயிலும் நிறைந்த 'விழிப்புணர்வு' மேடைகள் இவ்விரண்டையும் செய்வதில்லை.

ரதீந்திரன் பிரசாத் இயக்கிய அடுத்த முக்கிய பாடல் 2017 தைப்பொங்கலன்று வெளியான 'சென்னை பொறம்போக்குப் பாடல்'. தமிழில் அண்மையில் எழுந்த சூழல்சார் கலைப்படைப்புகளுள் அதிக ஆய்வுக்குரியது இதுவே எனக் கருதுகிறோம். கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுதிய சொற்களுக்கு ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, ரி.எம். கிருஷ்ணா ஆனந்தபைரவி தொடங்கிச் சிந்துபைரவி வரை செல்லும் இராகமாலிகையாகப் பாடினார். களம் எண்ணூர்க் கழிமுகம். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் அவ்விடத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் துறைமுக விரிவாக்கமும் மீனவரின் தொழிற்பரப்பைச் சுருக்கிவிட்டன. பாடல் வெளியாகி இரு வாரங்களில், சனவரி 28 அன்று, எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசெம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய்ப் படலம் அதே கழிமுகத்தை மூடியது.

கர்நாடக இசையின் தூய்மைக் கோட்பாட்டுக்குள் 'பொறம்போக்கு' என்ற வசைச் சொல்லைப் பல்லவியாக ஏற்றியமை ஒரு துணிச்சல். அதனைப் பலரும் பாராட்டினர். எமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது சொல்லின் பொருளியல் வரலாற்றைப் பாடல் திறந்துவிட்ட முறை. வரி மதிப்பீட்டுக்குப் புறம்பான நிலம் புறம்போக்கு. ஏரி, குளம், மேய்ச்சல், கழிமுகம், சுடுகாடு என ஒருவருக்கும் உடைமையாகாது எல்லோருக்கும் பயன்பட்ட நிலம் அது. பிரித்தானியரின் இரயத்துவாரி வருமான நிர்வாகத்தில், வருமானம் தராத நிலம் பயனற்ற நிலம் என்ற பார்வை வலுப்பெற்றது. அந்நிலத்தின் பெயர் பயனற்ற மனிதரைக் குறிக்கும் வசையுமாகியது. ஒரு சொல்லின் இழிபொருட் பேற்றில் ஓர் உற்பத்தி முறையின் மதிப்பீடு படிந்திருப்பதை இத்துணை எளிமையாக உணர்த்திய தமிழ்ப் பாடல் வேறொன்றை நாம் அறியோம்.

பாடலின் எல்லையும் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. பொதுநிலத்தை அது குற்றமற்ற ஒன்றாகக் காண்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்கள் பட்டியலிடப்படுமிடத்து, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்பவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் இடம்பெறுகின்றன. தீண்டாச்சேரியும் சுடுகாடும் ஒரே நிரலில் அமைந்தமை சமூக ஒழுங்கு ஒன்றின் பதிவாகும். எல்லோருக்கும் உரிய குளத்தில் நீரள்ளும் உரிமை எல்லோருக்கும் இருக்கவில்லை. அதை யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நன்னீர்க் கிணறுகளுக்காகவும் கோயில் வாசல்களுக்காகவும் இங்கு இரத்தம் சிந்தப்பட்டது. எனவே புறம்போக்கு என்ற சொல் வசையானதற்குக் குடியேற்ற அரசின் வருமானப் பதிவேடு மட்டும் காரணமென்பது போதாது. நிலவுடைமைச் சாதியின் கண்ணோட்டமும் அதில் முன்னரே குடிகொண்டிருந்தது. பொதுமை அழிந்தது என்று இரங்கும் கலை, அப்பொதுமை யாரைப் புறத்தே நிறுத்தியிருந்தது என்பதையும் கேட்டால் அதன் கூர்மை மிகும்.

மற்றொரு குறை, வளர்ச்சியும் வேலைவாய்ப்பும் வெறும் சாக்கு எனப் பாடல் கொள்ளும் தொனி. ஆள்வோரின் வாயில் அவை சாக்கே. மீன்வளம் குன்றிய பின் அதே துறைமுகத்திலும் மின்நிலையத்திலும் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் மீனவ இளைஞனுக்கோ அது சோறு. மாவூரின் பாடம் எண்ணூருக்கும் பொருந்தும். கொடைக்கானற் பாடலில் மையத்தில் நின்ற தொழிலாளி இப்பாடலில் மறைந்து, 'நீயும் நானும்' என்ற நகரத்துப் பொதுநிலை மீண்டும் தலைகாட்டுகிறது. பாடலின் ஆற்றலை இது முற்றாகக் குலைக்கவில்லை. எனினும் 'மனிதன்' பின்வாயிலால் நுழைய இடந்தருகிறது.

கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் பிறரும் ஊர் மக்களோடு சேர்ந்து 2015 முதல் நடத்திய ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவை இதனோடு இணைத்து நோக்குதல் தகும். பெசன்ற் நகரை ஒட்டி, அடையாற்று முகத்துவாரத்தின் அருகே அமைந்த மீனவக் குப்பத்தில் பரதமும் கர்நாடக இசையும் கட்டைக்கூத்தும் பறையாட்டமும் ஒரே மேடையில் நிகழ்ந்தன. மார்கழி இசைவிழாவின் சபாக்களுள் முடங்கிய கலையை வெளியே கொணர்வது நோக்கமாகக் கூறப்பட்டது. மீனவருக்குக் கர்நாடக இசை எதற்கு என்று கேட்டோர் வினாவைத் தலைகீழாக வைத்தனர். அவ்விழாவால் மாறியவர் யாரெனில், தம் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள குப்பத்துக்குள் வாழ்நாளில் முதன்முறையாகக் காலடி வைத்த மத்தியதர வர்க்க இரசிகரே. அவருடைய கண்களில் அழுக்காகத் தோன்றிய இடம் ஓர் ஊராகத் தோன்றத் தொடங்கியிருப்பின் அது சிறு பயனன்று. ஆனால் நிலத்தின் மேலான மீனவரின் உரிமையைப் பொறுத்து, ஒரு விழாவாற் செய்யக்கூடியது மிகக் குறைவு. விழா 2018 இல் 'சென்னைக் கலைத் தெருவிழா' எனப் பெயர் மாறி நகரின் பிற இடங்களுக்கும் விரிந்தபோது, குறிப்பிட்ட ஒரு கரையின் பிரச்சினை பொதுவான பண்பாட்டு நல்லிணக்கமாகக் கரைந்துவிடும் அபாயமும் உடன்வந்தது.

எமது நாட்டிற் புறம்போக்கு என்ற வழக்கு இல்லை. அதற்கு இணையான சட்டம் உண்டு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடும் பாழ்நிலமும் பயிரிடப்படாத நிலமும் மறுதலை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியன என அனுமானித்தது. கண்டிய விவசாயியின் சேனையும் மேய்ச்சலும் அவ்வாறே 'பாழ்நிலம்' ஆகிக் கோப்பித் தோட்டங்களாக மாறின. பின்னர் தேயிலை வந்தது. அதற்கு உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து தாழ்த்தப்பட்ட சாதியினர் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டனர். மலையகத்தின் மண்சரிவு பற்றிச் சூழல் நாடகம் ஆடுவோர், சரிவின் விளிம்பில் லயன் அறைகள் ஏன் உள்ளன என்ற வினாவை இச்சட்டத்திலிருந்து தொடங்கலாம். 2014 ஒக்ரோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் மூடிய குடும்பங்கள் காட்டை வெட்டிய 'மனிதர்' அல்லர். தமக்கெனக் காணி உறுதி இல்லாத தோட்டத் தொழிலாளர் அவர்கள்.

அரச சூழல்வாதத்துக்கும் மக்களின் சூழலுணர்வுக்கும் இடையிலுள்ள முரண்பாடு 2025 இல் மன்னாரில் வெளிப்படையாகியது. காற்றாலைக் கோபுரங்களுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் வாரக்கணக்கிற் போராடினர். காற்று மின்சாரம் எமது பாடசாலைச் சித்திரப் போட்டிகளில் எப்பொழுதும் நல்லதின் குறியீடு. நீலவானும் வெண்சிறகும் பசும்புல்லும் அதன் பின்னணி. அதே சிறகு தம் வெள்ளவாய்க்காலை அடைத்து நீரைத் தேங்கச் செய்கிறது, பறவைகளின் வழியை மறிக்கிறது, தம்மைக் கேளாமல் நடப்படுகிறது என்று தீவின் மக்கள் கூறியபோது, சித்திரப் போட்டியின் சூழலியல் வாயடைத்து நின்றது. காற்றாலை நல்லதா கெட்டதா என்பது பொருத்தமான வினாவன்று. அது யாருடைய உடைமை, யாருடைய முடிவு, யாருக்கான மின்சாரம் என்பனவே வினாக்கள். சூழற்கலை இவற்றைக் கேட்கத் தொடங்கினால் அனுசரணையாளர் பலர் விலகுவர். எந்த நிகழ்வையும் மதிப்பிட இதைவிட எளிய உரைகல் ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

எமது அரங்க வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1960களின் பிற்பகுதியில் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த சூழலில் 'கந்தன் கருணை' எழுந்தது, என்.கே. ரகுநாதன் எழுதிய அந்நாடகம் பின்னர் கூத்து வடிவிலும் பயின்றது. போராட்டம் முந்தியது, அரங்கு அதைத் தொடர்ந்தது. பார்வையாளர் அங்கு தமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள வரவில்லை. தாம் செய்துகொண்டிருப்பதைக் கூட்டாகக் காண வந்தனர். இன்றைய சூழல் நிகழ்வுகளில் இவ்வொழுங்கு தலைகீழாகியுள்ளது. முதலிற் செயற்றிட்டம், பின்னர் அதற்கான நாடகம், அதன் பின்னர் பார்வையாளரைத் தேடிப் பாடசாலைகளுக்குக் கடிதம்.

வடிவம் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். கரையோர நிகழ்வுகளில் அம்பாப் பாடல் தவறாது இடம்பெறுகிறது. கரைவலை இழுக்கும்போது பலரது இழுவை ஒரே கணத்தில் நிகழும்படி ஒழுங்குசெய்த பாட்டு அது. பேராசிரியர் க. கைலாசபதியின் ஆசிரியரான ஜோர்ஜ் தொம்சன், கவிதையின் தாளத்தை உழைப்பின் தாளத்திலிருந்து வருவிக்குமிடத்து இத்தகைய பாடல்களையே ஆதாரமாகக் கொண்டார். மேடையில் வெள்ளைச் சாரமும் தலைப்பாகையும் அணிந்த மாணவர் இல்லாத வலையை இழுத்து அம்பா பாடும்போது, 'கடலைக் காப்போம்' என்று புதிய அடிகள் சேர்க்கப்படுகின்றன. அதேவேளை எமது கரைகள் பலவற்றில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழல்பொறி வலையை இழுக்கத் தொடங்கிவிட்டது. பொறி வந்ததும் இழுப்போர் தொகை குறைகிறது; பங்கு சம்மாட்டிக்குக் கூடுகிறது; கடலடித்தளம் முன்னைவிட வேகமாக வாரப்படுகிறது என்று சிறு மீனவர் முறையிடுகின்றனர். கூலி இழந்தவனின் குறையும் கடலின் குறையும் இங்கு ஒரே கயிற்றின் இரு புரிகள். இழுக்கும் கைகள் குறைந்த கரையில் அம்பாவை யார் பாடுவது, எதற்காகப் பாடுவது என்ற வினாவை, அப்பாடலை இன்னும் மறவாத முதியவர் பலர் உயிரோடிருக்கும்பொழுதே எமது நாடகக்காரர் கரைக்குச் சென்று கேட்டறியலாம்.